கட்டக்கூடாத இடத்தில் கட்டிய படகு

அன்பு மகள் வாலுவுக்கு, சித்தப்பா எழுதுவது. கொசுக்கள் தின்றது போக மிச்சமிருக்கும் நான் இங்கே சுகம். உன் சித்தி முழுசாகவே சுகம், அவளைக் கடிக்கக் கொசுவும் பயப்படுகிறது. நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, ஆஸ்பத்திரி லேபில் ஊரார் ரத்தத்தைப் பரிசோதிக்கும்போது உன் ரத்தத்தையும் ஒருமுறை பார்த்துக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும். போன காரியம் என்ன ஆச்சு சித்தப்பா என்று போனில் கேட்டுக்கொண்டே இருக்கிறாய். போனில் சொல்கிற கதையா இது. நான் ஒரு வரி சொல்வதற்குள் உன் சித்தி பக்கத்தில் நின்று அதற்கு நாலு திருத்தம் சொல்வாள். அவள் கடைக்குப் போன நேரம் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன், வருவதற்குள் எழுதி ஒட்டிவிட வேண்டும்.

முதலில் எனக்கு ஒன்று சொல்லு. உலகத்தில் ரோடு போட்ட ஊரில் உனக்கு ஒரு மாப்பிள்ளை கிடைக்கவில்லையா. ஆஸ்பத்திரி லிஃப்டில் மாட்டிக்கொண்டாய், அந்த மெக்கானிக் பையன் கதவைத் திறந்து வெளியே எடுத்தான், சரி, ஒரு தாங்க்ஸ் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்க வேண்டியதுதானே. கல்யாணமே செய்துகொள்வதா அதற்கு. அதிலும் பெரிய மனுஷி மாதிரி, நீங்க போய் அவங்க வீட்டைப் பாருங்க சித்தப்பா, நீங்க வேண்டாம்னா வேண்டாம் என்று எழுதிவிட்டாய். உன் அப்பா போன பிறகு இத்தனை வருஷம் உன்னை வளர்த்தவனிடம் இப்படிப் பொறுப்பைத் தள்ளிவிட்டால் அவன் நழுவ முடியாது என்று உனக்குத் தெரியும். சரி, நானும் மறைக்காமல் எழுதுகிறேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வரத்தான் புறப்பட்டேன். நீ திரும்பி வந்து இருப்பாய் என்று மாடியில் ஓர் அறை எழுப்பி, தனிக் குளியலறை வைத்து, தச்சனிடம் ஒற்றைக் கட்டிலுக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். பக்கத்துத் தெரு மருந்துக்கடைக்காரர் மகன் தினமும் எனக்கு வணக்கம் வைக்கிறான், அவர்கள் வீட்டுக்கு நம் வாசலிலிருந்து கல்லெறிந்தால் விழும். இதையெல்லாம் விட்டுவிட்டுத் தண்ணீருக்கு நடுவே யாரோ படகு ரிப்பேர்க்காரர் வீட்டில் உன்னைக் கொடுக்கவா. ஆனால் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்ல நான் என்ன பண்பில்லாதவனா. யோசித்துச் சொல்கிறோம் என்று தொடங்கி, கேட்பவர் மனம் நோகாமல் இழுத்து, அப்படியே காணாமல் போகிற மாதிரி ஒரு பேச்சு தயார் செய்து கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்தேன். கண்ணாடிக்கே கண்ணீர் வந்துவிட்டது.

அந்த வீட்டுக்குப் போக நாலு நாள் ஆகும் என்று நீ எழுதவே இல்லை. படகு என்றால் அது ஒரு தகரக் கூரை போட்ட தட்டு. ஆறு அங்கே நூறு சந்தாகப் பிரிந்து நாணலுக்குள் போய்விடுகிறது, எது ஆறு எது சேறு என்று கடவுளுக்கும் குழப்பம்தான். முதல் நாளே ஒரு முதலை பார்த்தேன், நம் ஷெட்டு லாரியின் நீளம் இருக்கும், கூட வந்த உன் சித்தி அதை மரக்கட்டை என்பாள், நம்பாதே. படகுக்காரர் நல்ல மனுஷர்தான், ஆனால் வாய் ஓயாது. அந்தத் தீவுல இப்படி, இந்தத் தீவுல அப்படி என்று வழக்கமெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். அண்ணே, நீங்க கல்யாணப் பேச்சு பேசப் போறீங்க, அங்க இறங்கும்போது ஒரு விஷயம் என்று ஆரம்பித்தார். யோவ், நான் வெள்ளத்துலயே பொறந்தவன், எனக்கே தண்ணி பத்திப் பாடம் எடுக்கறியா என்று அவரை அடக்கிவிட்டேன். அது பொய்யும் இல்லை, நான் பிறந்த அன்று எங்கள் தெருவில் முழங்கால் அளவு மழைத்தண்ணீர் நின்றதாக அம்மா சொல்வாள்.

அங்கே ஒரு தொல்லை உண்டு, கேள். நாணல் ஆள் உயரத்துக்கு மேல் நிற்பதால் வீட்டில் இருப்பவர்களுக்குப் படகு தெரியாது, துடுப்புச் சத்தம்தான் கேட்கும். அதனால் எந்த வீட்டைத் தாண்டினாலும் உள்ளேயிருந்து ஒரு குரல் வரும். யாரு, எங்க, எதுக்கு. மூன்றுக்கும் பதில் சொல்லியே ஆக வேண்டும், சொல்லாமல் போனால் திருடன் என்று அர்த்தம். நம் குடும்ப விஷயத்தை நாணலுக்கெல்லாம் கூவிக்கொண்டு போக எனக்கு என்ன தலையெழுத்து. முதல் வீட்டிலேயே, மேலிடத்துல இருந்து வர்றோம், படகுத் துறையெல்லாம் பார்வையிடப் போறோம் என்று கம்பீரமாகச் சொல்லிவிட்டேன். அந்தப் பேச்சு எங்களைவிட வேகமாகப் போய்விட்டது வாலு. காய்கறி ஏற்றிய சின்னப் படகுகள் எங்களை முந்திப் போகும்போதே அதையும் ஏற்றிக்கொண்டு போயிருக்கின்றன. சாயங்காலம் நாணல் அறுப்பவர்கள் தீவில் இறங்கினால் ஊரே கரையில் நிற்கிறது. துறைப் பலகை உடைந்தது ஒருவருக்கு, பள்ளிக்கூடக் கூரை ஒழுகுவது இன்னொருவருக்கு, ஓர் ஆளுக்குப் பல்வலி. எல்லோருடைய குறையையும் பொறுமையாகக் கேட்டு எல்லாவற்றையும் தீர்த்து வைப்பதாக வாக்குக் கொடுத்தேன், ஓர் அதிகாரி செய்ய வேண்டியதை ஒன்று விடாமல் செய்தேன். அப்போது உன் சித்தி படகில் உட்கார்ந்தபடியே, இவரு லாரி ஷெட்டுல தார்ப்பாய் கட்டுறவரு, எங்க பொண்ணைக் குடுக்கலாமான்னு பாக்கப் போறோம் என்று போட்டு உடைத்தாள். ஊர் சிரித்தது. பல்வலிக்காரன் மட்டும், அப்போ கயித்தைக் கட்டி என் பல்லையாவது புடுங்கி விடுங்க என்றான். கட்டினேன், ஒரே சுண்டு, பல் பறந்து ஆற்றில் விழுந்தது. இதைச் சித்தியும் மறுக்கமாட்டாள். அதோடு விட்டார்களா, விருந்தாளி தான் படுக்கும் பாய்க்குத் தானே நாணல் அறுக்க வேண்டுமாம். ஒரு காட்டையே சாய்த்துவிட்டு வந்தேன், கை கொப்புளத்தில் இன்றும் பேனா வழுக்குகிறது. அதற்கடுத்தது மீனைப் புகை போடுகிற தீவு. அங்கே நாய்கள் புகை வாசம் இல்லாத ஆளை விடாது. அதனால் வந்தவர்களை முதலில் புகைக் கொட்டகையில் மீனோடு மீனாக உட்கார வைக்கிறார்கள். இருமி இருமி என் நுரையீரல் வெளியே வந்து எட்டிப் பார்த்தது. உன் சித்தியோ அந்தப் பெண்களோடு மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டு சொந்த அக்கா வீடு மாதிரி சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு யாரு, எங்க, எதுக்கு என்பதற்கெல்லாம் அவளே பதில். பெண் விஷயம் என்று தெரிந்ததும் நாணலுக்குள் இருந்து ஆளாளுக்குப் புத்திமதி. முகம் தெரியாது, குரல்தான். அந்த வீட்டம்மாவா, வாய் ஜாஸ்தி, ஆனா வெள்ளத்துல ஊரு ஆட்டையெல்லாம் தன் வீட்டு மேல ஏத்திவெச்சா என்று ஒரு குரல். அவரு பேசவே மாட்டாரு, வருஷத்துக்கு ரெண்டு வார்த்தை என்று இன்னொன்று. பையன் நெட்டை, குனிஞ்சு வளர்ந்தவன் என்று ஒரு கிழவர். நான் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை, மனசுக்குள் என் பேச்சை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசித் தீவு. கால் நட்டு உயரத்தில் கட்டிய வீடு, அடியில் கவிழ்த்துப் போட்ட படகுகள், தார் வாசனை. தண்ணீருக்குள் ஒரு கம்பம். எல்லோரும் ஏணியடியில் வரிசையாக நிற்கிறார்கள். நான் படகு முனையில் எழுந்து நின்றேன், கயிறு காலடியில் கிடந்தது. கயிற்றைப் பார்த்தால் என் கை சும்மா இருக்குமா. எட்டாவது வகுப்பிலேயே என் அறிவைப் பார்த்து மிரண்டு, போதும்பா நீ போய்ப் பிழைச்சுக்கோ என்று வாத்தியாரே அனுப்பிவைத்த நாளிலிருந்து நான் கயிறு பிடிக்கிறேன். என் கட்டு அவிழ்ந்து ஒரு மூட்டை வழியில் விழுந்ததாகச் சரித்திரம் இல்லை. இவர்கள் பார்க்கட்டும் என்று படகு நிற்பதற்குள் வீசி, சுற்றி, கம்பத்தில் லாரிக் கட்டு ஒன்று போட்டேன். அப்படி ஒரு கட்டு நானே போட்டதில்லை. கரையில் பையனின் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறாள், யாரோ தகரத்தைத் தட்டுகிறார்கள், படகுக்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். கட்டைப் பார்த்துத்தான் இவ்வளவு மரியாதை என்று நினைத்து நானும் கையைக் கூப்பினேன்.

ஏணியில் ஏறினால் அது ஓர் எரிச்சல். படிக்குப் படி ஒரு சாண்கூட இடைவெளி இல்லை, கால் மாட்டிக்கொள்கிறது, சிறுபிள்ளைக்குச் செய்த ஏணி மாதிரி. மேலே போனால் வாசல் குட்டை, தலையில் இடி. உட்கார வைத்து, சுட்ட மீனும் சோறும் போட்டு, விசிறி, வேறு சட்டை கொடுத்து, தீவே வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போகிறது. ஒரு வழியாக நான் தொண்டையைச் செருமி, யோசிச்சுச் சொல்றோம் என்று ஆரம்பித்தேன். அறை முழுக்கச் சிரிப்பு. சம்பந்தி நல்ல தமாஷ்காரரு என்றாள் அந்த அம்மா. சம்பந்தி என்றதும் எனக்கு வியர்த்துவிட்டது. பேசாதவர் என்றார்களே அந்தப் பையனின் அப்பா, அவர் தன் இரண்டு வார்த்தையில் ஒன்றைச் செலவழித்தார். கட்டிட்டீங்களே.

விஷயம் இதுதான் வாலு. அந்தப் பக்கத்தில் பெண் பேசவோ வேறு எதையும் முடிவு செய்யவோ ஒரு வீட்டுக்குப் போனால் படகைக் கட்டக்கூடாது. பேசி முடிகிறவரை ஓர் ஆள் படகிலேயே கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். பிடிக்கவில்லை என்றால் யாருக்கும் சங்கடம் இல்லாமல் அப்படியே தள்ளிக்கொண்டு போய்விடலாம். பெரியவர் தன் கையால் கட்டிவிட்டால் சம்மதம் என்று பொருள், அதற்குமேல் பேச்சே கிடையாது. நான் சித்தியைத் தனியாகக் கூப்பிட்டு, இப்படி ஒரு வழக்கமாமே என்று பல்லைக் கடித்தேன். படகுக்காரர் மொத நாளே சொல்ல வந்தாரு, நீங்கதான் தண்ணியில பொறந்தவராச்சே என்றாள். உனக்குத் தெரியுமா என்றேன். புகைக் கொட்டகையிலயே சொன்னாங்க என்றாள். அப்போ நான் கயித்தை எடுக்கும்போது ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன என்று கேட்டால், பாத்துக்கிட்டுதான் இருந்தேன், நல்லா கட்டினீங்க என்கிறாள். இவளோடு நான் இருபத்தெட்டு வருஷம் எப்படிக் குடித்தனம் செய்தேன் என்று ஒரு புத்தகமே போடலாம்.

மறுநாள் விடிந்ததும் அந்த மனுஷர் என்னைத் துறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஒட்டடைக்குச்சி மாதிரி உயரம், வாசலில் இடித்து இடித்து முதுகே வளைந்துவிட்டது. கம்பத்தைக் காட்டி, தெரியாம கட்டினது கணக்கில்லை, நீங்களே அவுத்துடுங்க, நாங்க ஒண்ணும் நினைக்க மாட்டோம் என்றார். நாலைந்து வருஷத்துப் பேச்சை ஒரே மூச்சில் பேசிவிட்டார் பாவம். லாரிக் கட்டின் பெருமையே அதுதான். பத்து டன் இழுத்தாலும் அசையாது, வால் நுனியை ஒரு சுண்டு சுண்டினால் அப்படியே கழன்று கையில் வந்துவிடும். நான் நுனியைப் பிடித்தேன். அவர் எனக்குச் சங்கடமாக இருக்கக்கூடாது என்று வேறு பக்கம் திரும்பி ஏணியைப் பார்த்துக்கொண்டு நின்றார். நானும் ஏணியைப் பார்த்தேன். ஒன்றுவிட்டு ஒரு படி பழைய கறுத்த மரம், நடுவில் ஒவ்வொன்று புது மரம், ஆணிகூடப் பளபளக்கிறது. இதென்னங்க, இப்படி நெருக்கி அடிச்சு வெச்சிருக்கீங்க, மனுஷன் கால் வைக்க வேண்டாமா என்று நேற்றைய எரிச்சலில் கேட்டேன். உங்க பொண்ணு கொஞ்சம் குள்ளம்னு பையன் சொன்னான் என்றார்.

நீ குள்ளம் இல்லை என்று சண்டை போடலாமா, போட்டால் பொய். நான் மாடியில் குளியலறைக் குழாயை உன் கைக்கு எட்டும்படி இறக்கி வைக்கச் சொல்லிக் கொத்தனாரோடு மல்லுக்கட்டினேன், இந்த மனுஷர் என்னடாவென்றால் உன்னைப் பார்க்காமலேயே ஏணியை மாற்றியிருக்கிறார். எனக்குக் கெட்ட கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் நுனியைச் சுண்டிவிட்டேன் என்று நினைக்காதே, இன்னும் ஒரு சுற்றுச் சுற்றி நுனியை உள்ளே சொருகிவிட்டேன். தண்ணியில ஊறினா இளகும், அதான் ரெட்டைக் கட்டு என்று அவருக்குத் தொழில் விளக்கம் கொடுத்தேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு விரலால் கட்டைத் தொட்டுப் பார்த்தார். கட்டின கயிற்றைக் கல்யாணம்வரை எடுக்கக்கூடாதாம், படகு முனையில்தான் அவிழ்த்துக்கொண்டு வந்தோம். என் கயிறு, என் கயிறு என்று படகுக்காரர் திரும்பி வந்த நாலு நாளும் பாடிய ஒப்பாரி இன்னும் காதில் நிற்கிறது. வழியெல்லாம் யாரு, எங்க, எதுக்கு என்றால், இந்த முறை நானே எழுந்து நின்று பதில் சொன்னேன். கொஞ்சம் சேர்த்துத்தான் சொன்னேன், நீ ஆஸ்பத்திரிக்கே பெரிய டாக்டர் என்று அந்தப் பக்கம் பேச்சு. போனால் சமாளித்துக்கொள், பல்வலிக்காரன் வந்து நிற்பான்.

ஆக, உன் விஷயம் முடிந்தது. எனக்குச் சம்மதம் என்று நான் வாயால் ஒரு வார்த்தை சொல்லவில்லை, யாரும் அப்படிச் சொன்னதாகச் சொல்லாதே. மருந்துக்கடைக்காரர் பக்கம் தலைகாட்ட முடியாமல் தலைவலி மாத்திரைக்கு இரண்டு தெரு சுற்றிப் போகிறேன், அதுவும் உன்னால்தான். வருஷத்துக்கு ஒரு முறையாவது இரண்டு பேரும் இங்கே வந்து தங்கவில்லை என்றால் நானே படகெடுத்துப் போய் அந்தக் கட்டைச் சுண்டிவிடுவேன் என்று அவனிடம் சொல்லி வை. லிஃப்டில் தனியாக ஏறாதே. நீங்கள் இருவரும் ஒருவர் வாய்க்கு ஒருவர் பயப்படாமல், வயிறும் வீடும் நிறைந்து, என்னைவிட அதிக நாள் சண்டை போட்டுக்கொண்டு வாழ வேண்டும் என்று சித்தியும் நானும் வாழ்த்துகிறோம். சித்தி வரும் சத்தம் கேட்கிறது, முடிக்கிறேன். ஒன்றே ஒன்று, மறக்காமல் உடனே எழுது. அந்தப் பையன் உயரம் எவ்வளவு. அவன் அப்பா அன்று படுத்திருந்தபோது இரண்டு காலும் வாசலுக்கு வெளியே கிடந்தன, இவனும் அப்படித்தான் இருப்பான். தச்சன் கட்டிலுக்குப் பழைய அளவில் மரம் அறுத்து வைத்திருந்தான், நிறுத்தச் சொல்லிவிட்டேன். அகலத்தை நானே சொல்லிவிட்டேன், நீளம் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறான்.

இப்படிக்கு,
யாரிடமும் எதற்கும் சம்மதம் சொல்லாத
உன் சித்தப்பா