அரிசி மூட்டையோடு அக்கா நிற்கும் வீடியோ

இன்று காலை பிரிக்பீல்ட்ஸில் மோனோரயில் ஏறினேன். பக்கத்தில் நின்றவன் மேல், உன் பெயர் போட்டு நீ விற்ற சென்ட் வாசனை. அடுத்த ஸ்டேஷனிலேயே இறங்கிவிட்டேன். செத்தவனுக்கு இப்படி எழுதக் கூடாதுதான். ஆனாலும் எழுதுகிறேன், கேள்.

கிள்ளானில் கல்யாண டின்னர் மேடைகளில் நீ ராப் பாடுவாய், நான் பீட் போடுவேன். உன்னைத் தூக்கிவிட்ட முதல் பாட்டே, ஏழைகளுக்கு அரிசி கொடுத்துப் படம் எடுத்துக்கொள்ளும் அரசியல்வாதிகளைக் கிழித்த பாட்டு. அதைக் கேட்டு என் அக்கா வயிறு வலிக்கச் சிரித்தாள். கையில் காசில்லாத நாளெல்லாம் அவள் வீட்டில்தான் நீ சாப்பிட்டாய்.

பிறகு பாட்டுகள் ஓடின, சென்ட் வியாபாரம் வந்தது, அறக்கட்டளையும் வந்தது. சும்மா சொல்லக் கூடாது, உன்னால் எத்தனையோ பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். அக்கா வீட்டுக்காரர் இறந்த மூன்றாம் மாதம், சுங்கை வேயில் அவள் வீட்டுக்கும் அரிசி மூட்டையோடு வந்தாய். அறக்கட்டளை ஃபைலுக்கு என்று சொல்லி, கேமராவை என் கையில் கொடுத்தாய். அன்று மாலையே உன் புதுப் பாட்டைச் சேர்த்து, உன் சேனலில் ஏற்றி ஊருக்கே காட்டினாய். அவள் வேலை செய்யும் ஃபேக்டரியில் அவளுக்கு ‘அரிசி அக்கா’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவள் கேன்டீன் பக்கம் போவதையே நிறுத்திவிட்டாள்.

அந்த வீடியோவை எடுத்துவிடு என்று உன்னிடம் கெஞ்சினேன்.

“ஒரு வாரம் லா மச்சான். வியூஸ் ஏறுது, அப்புறம் எடுத்துடுறேன்.”

ஒரு வாரம் ஒரு வருஷமானது. சீ, நீயெல்லாம் ஒரு மனுஷனா? கடைசிவரை எடுக்காமலே மாரடைப்பில் போய்ச் சேர்ந்தாய். அக்கா உன் சாவுக்கு வந்து அழுதாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

போன வாரம் உன் கம்பெனிக்காரர்கள் ‘வள்ளல்’ என்று தலைப்புப் போட்டு அதே வீடியோவை மறுபடி ஏற்றினார்கள். உன் சேனல் பாஸ்வேர்டு இன்னும் என்னிடம் இருந்தது. பழையது, புதியது இரண்டையும் அழித்துவிட்டு, அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

“எல்லாரும் போன்ல எடுத்து வச்சிருக்காங்கடா,” என்றாள். “அதுல பேசுறது அவன் இல்லையே. நீதானே.”

உன்னை எவ்வளவு திட்டினாலும் அது போகாது. மூட்டையின் கனம் தாங்காமல் தலை குனிந்து நின்றவளிடம், “இன்னும் கொஞ்சம் தூக்குக்கா, முகம் தெரியல, சிரி,” என்று சொன்னவன் நான்.