ஏல இலைத் தொட்டி

பிப்ரவரி 18
யாக்கோபு வந்தான். எஸ்டேட் சூப்பர்வைசர் அல்லவா, மூக்கைப் பொத்திக்கொண்டு தொட்டியைச் சுற்றி வந்தான். "என்னவே, சாந்தன்பாறை முழுக்க நாத்தம். எலயப் போட்டுக் கேஸ் எடுக்கப் போறியாக்கும்? எடம் எஸ்டேட்டுது. மார்ச் முப்பத்தொண்ணுக்குள்ள அடுப்பு எரியலேன்னா ஒடச்சிருவோம்."

பத்தாம் வகுப்பில் என் விடைத்தாளைப் பார்த்து எழுதித் தேறியவன். நான் வேதியியலில் முதுகலை. இருபத்தாறு வருடத்துக்கு முன் அந்த சூப்பர்வைசர் வேலைக்கு இருவருமே மனு போட்டோம். அவனுக்கு எஸ்டேட் மேலிடத்தில் ஒரு மாமா இருந்தார்; வேலை அவனுக்குப் போயிற்று. அன்றிலிருந்து அவனோடு நான் பேசுவதில்லை. இன்றும் பேசவில்லை.

எரியும். எரிய வைப்பேன்.

மார்ச் 2
கவாத்தில் கழித்த ஏலக்காய்ச் செடி இலையை விரற்கடை அளவுக்கு நறுக்கி, இரண்டு நாள் ஊறவைத்து, சாணக் கரைசலோடு தொட்டியில் விடுகிறேன். காற்றில்லாத இருட்டில் நுண்ணுயிர்கள் அதைத் தின்று வாயு விடுகின்றன. வாயுவைப் பிடிக்கத் தொட்டிக்குள் கவிழ்த்த டிரம் ஒரு சாண் எழும்பியிருக்கிறது. தீக்குச்சி வைத்தேன் — எரியவில்லை. முதல் வாயு அப்படித்தான், கரியமில வாயு அதிகம். திறந்துவிட்டேன்.

மார்ச் 7
எரிந்தது. நீலமாக, நான்கு நிமிடம். என் மனைவி டின்சி எட்டிப் பார்த்து, "ஒரு கட்டன் சாயாவுக்காவது தண்ணி கொதிக்குமா?" என்றாள். கொதிக்கவில்லை. இருந்தாலும்.

மார்ச் 10
தோட்ட வேலை முடிந்து தினமும் இலை கொண்டுவருபவள் டின்சிதான். அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று சின்னக்கானல் போயிருக்கிறாள். நானே மூன்றாம் பிளாக்கில் இரண்டு கட்டு வெட்டிக்கொண்டேன். மேட்டிலிருந்து யாக்கோபு ஏதோ கத்தினான். திரும்பவில்லை. கூப்பிட்டதும் நிற்க நான் அவன் கூலியாளா?

மார்ச் 16
டிரம் இறங்கிவிட்டது. புளிப்பு முறியச் சுண்ணாம்பு கரைத்து ஊற்றியும் பயனில்லை.

மார்ச் 19
டின்சி வந்தாள். தொட்டியை மோந்து பார்த்தாள்.
"எந்த பிளாக்குல வெட்டுனீங்க?"
"மூணு."
"செவப்பு சாக்குத்துணி கட்டியிருந்துச்சா?"
கட்டியிருந்தது. எல்லை அடையாளம் என்று நினைத்தேன்.
"மருந்தடிச்ச வரிசைக்குத்தான் அதக் கட்டுவாங்க. அந்த எலய ஆட்டுக்குக்கூடப் போட மாட்டோம். யாருமே சொல்லலியா?"

சொல்ல வந்தவனுக்கு முதுகைக் காட்டியிருக்கிறேன். அதை அவளிடம் சொல்லவில்லை. பூச்சிமருந்து நுண்ணுயிரை என்ன செய்யும் என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவன் நான்.

மார்ச் 20
தொட்டியைக் காலி செய்து கழுவினேன். புதுச் சாணம், டின்சி பார்த்துக் கொடுத்த இலை. மிச்சம் பதினொரு நாள். போதாது என்று தெரியும். தெரிந்தால் என்ன?

மார்ச் 31
எரியவில்லை. யாக்கோபு வந்தான், கூடவே கடப்பாரையோடு இருவர்.

"விஷ எலயப் போட்டது நான்தான்" என்றேன். "அன்னைக்கு நீ கூப்பிட்டப்ப நின்னிருக்கணும். தொட்டி மேல தப்பில்ல. இனி ஒடைக்கணும்னா ஒடச்சிக்கோ." சொல்லிவிட்டுத் தொட்டிச் சுவரில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

"எங்கிட்ட வாயத் தொறக்க ஒனக்கு இருபத்தாறு வருசம் வேணுமாவே?" என்றான் யாக்கோபு. பிறகு ஆட்களை அனுப்பிவிட்டு, "ரெண்டு வாரம். அதுக்கு மேல கேக்காத."

நான் கேட்கவே இல்லை. நன்றியும் சொல்லவில்லை.

ஏப்ரல் 13
காலையில் அடுப்பு முப்பத்தைந்து நிமிடம் எரிந்தது. டின்சி கஞ்சியும் பயறும் வைத்தாள். யாக்கோபு வந்து, குழாய் இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் கசிவு பார்த்தான். என் வேலையை நான் செய்திருக்க மாட்டேனா? ஒரு குமிழிகூட இல்லை.

போகும்போது, லயத்து வீடுகளில் இருக்கும் தொழிலாளர்களுக்கும் பெரிதாக ஒரு தொட்டி கட்டித் தர முடியுமா என்று கேட்டான்.

மனு எழுதிக் கொடு, பார்க்கலாம் என்றேன்.