புகைப்புரைக் கதவில் ஓர் இடம்

நேற்று மகளின் பள்ளி அறிவியல் விழாவுக்குப் போனேன். சட்டை துவைத்ததுதான். ஆனால் அதை ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் நம் புகைப்புரைக்குப் பக்கத்துக் கொடியில் காயப்போட்ட புத்திசாலி நான். பக்கத்தில் இருந்த அம்மையார் மூக்கைச் சுருக்கினார், கைக்குட்டையை எடுத்தார், கடைசியில் நாற்காலியோடு நகர்ந்துவிட்டார். புகைப்புரைக் கதவில் விரிசல், மாற்றித் தகரக் கதவு போடலாம் என்று மகள் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். நான்தான் சாக்குச் சொல்லித் தள்ளிப்போடுகிறேன்.

குளச்சலில் உன்னைப் பெண் பார்க்க வந்த அன்றும் என் மேல் இதே மணம். உன் அண்ணன்மார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நீ மட்டும் காப்பியோடு நேரே என்னிடம் வந்தாய். பின்னாளில் கேட்டபோது, "எங்க வீட்டு மீன் வாடைக்கு இது சாம்பிராணியாக்கும்" என்றாய்.

மேடையில் நம் பிள்ளை ஒரு வண்டைப் பற்றிப் பேசினாள். காடு தீப்பிடித்தால் எல்லாம் ஓடும். அந்தக் கறுப்பு வண்டு மட்டும் வெகு தொலைவிலிருந்து தீயைத் தேடி வருமாம், எரிந்த மரத்தில் முட்டையிட. வெளிச்சம் கண்டு வருகிறது என்று பத்தாவதோடு நின்ற நான் நினைத்தேன். இல்லையாம். நடுக்கால் ஓரத்தில் குழிகள், குழிக்குள் நீர் நிறைந்த நுண்ணிய உருண்டைகள். கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிர் பட்டதும் அந்த நீர் விரிந்து நரம்பை அழுத்துமாம். பாதி புரிந்தது. மீதி, உன்னோடு வாழ்ந்தவன் என்பதால் புரிந்தது.

அருமனைக்கு நீ வந்த முதல் மழைக்காலம். சூடு பார்க்கிறேன் என்று புகைப்புரைக் கதவைத் திறந்து திறந்து புகையை எல்லாம் வெளியே விட்டுக்கொண்டிருந்தேன்.

"எதுக்குத் தெறக்கிய? பலகையே சொல்லுமே" என்று நீ கதவில் கன்னத்தை வைத்தாய். கொஞ்சம் பொறுத்து, "வெறகு போதும்" என்றாய். பிறகு என்றும் அந்தக் கன்னம்தான். பிள்ளைக்குக் காய்ச்சல் பார்த்ததும் அதுவே.

ஆஸ்பத்திரியில் உன் நெற்றியில் நான் கன்னம் வைத்தபோது, "வெறகு போதுமா?" என்று சிரித்தாய். சுடுகிறது என்பது மட்டுமே எனக்குத் தெரிந்தது.

இன்று காலை மகள் தகரக் கதவுக்கு அளவெடுக்க டேப்போடு வந்தாள். நான் கதவோரம் நின்றதைப் பார்த்துவிட்டாள். நீ போனபின் அவள்தான் அங்கே தெர்மாமீட்டர் வாங்கி மாட்டியது.

"தெர்மாமீட்டர் இருக்குல்லா அப்பா. பின்ன எதுக்குத் தெனமும் கன்னத்த வைக்கிய?"

"அது கள்ளம் சொல்லுது, மக்கா" என்றேன்.

அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். டேப்பைச் சுருட்டினாள். "சரி, கதவு கெடக்கட்டு. விரிசலுக்கு மட்டும் துண்டுப் பலகை அடிப்போம்" என்று உள்ளே போய்விட்டாள்.

மீட்டர் சரியாகத்தான் காட்டுகிறது. உன் கன்னம் பட்டுப் பட்டு வழவழப்பான இடம் கதவில் என் தோள் உயரத்தில் இருக்கிறது. கன்னம் வைக்க நான் குனியவேண்டும். தினமும் குனிகிறேன். அது சூடு பார்க்க இல்லை என்பதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.