புங்க விதைத் தேர்தல்

ஜூலை 1, செவ்வாய்

அல்போன்சா அக்கா இன்று இஸ்திரி போட்ட புடவையில் வந்திருந்தார். எரு கிளறுகிற வேலைக்கு யார் இஸ்திரி போடுவார்கள்? கேட்கவில்லை. நான் கேட்கமாட்டேன் என்று அவருக்கும் தெரியும். மத்தியானம் அவரே சொன்னார்: "இன்னாடி சிம்ரா, காலைலேர்ந்து என் புடவையையே பாத்துக்கினு கீற? எலெக்‌ஷன்ல நிக்கிறேன். இப்பதான் ஆபீஸ்ல மனு குடுத்துட்டு வந்தேன்."

எங்கள் 'ஆற்றோரம்' சுற்றுச்சூழல் சங்கத்தின் நிர்வாகக் குழுவுக்குத் தேர்தல். மொத்தம் ஏழு பேர், மூன்று வருடப் பதவி, அதில் ஓர் இடம் காலி. அபிராமபுரத்தில் இருக்கும் இந்த நாற்றுப்பண்ணையில் அக்காவுக்குப் பன்னிரண்டு வருடம். எனக்கு ஒன்றரை வருடம்தான், பத்தாவதோடு பள்ளியை நிறுத்திய பிறகு. மண்ணில் வேலை செய்கிற யாரும் இதுவரை குழுவில் உட்கார்ந்ததில்லை.

"ஜெயிச்சா இன்னாக்கா செய்வீங்க?"

"கக்கூஸ் கட்டுவேன்."

பண்ணையில் கழிப்பறை கிடையாது. மெயின் ரோட்டுக் கட்டணக் கழிப்பறைக்குத்தான் ஓட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அதுவும் பூட்டு. மாதத்தில் அந்த மூன்று நாள் — வேண்டாம், எழுதவே கூச்சமாக இருக்கிறது. குழுவிடம் மூன்று முறை மனு கொடுத்தாயிற்று. மூன்று முறையும் ஒரே பதில்: "அடுத்த கூட்டத்துல பாக்கலாம்."

ஜூலை 3, வியாழன்

தங்கை ரூபீனாவிடம் சொன்னது தப்பு. "ஒரு கக்கூஸுக்கு எலெக்‌ஷனா!" என்று பாயில் உருண்டு சிரித்தாள். அவள் பள்ளிக்கூடத்தில் எட்டு இருக்கின்றன, அவளுக்கென்ன.

ஜூலை 9, புதன்

எதிர்த்து நிற்பவர் ஸ்ரீனிவாசராகவன் சார். மயிலாப்பூர், ரிட்டயர்டு அதிகாரி, சட்டமெல்லாம் தெரிந்தவர். பண்ணைக்கு வந்தால் காரை விட்டு இறங்கி, "எல்லாம் நன்னா போயிண்டிருக்கா?" என்று கேட்டுவிட்டு ஐந்து நிமிடத்தில் கிளம்பிவிடுவார். நல்ல மனிதர். கெட்டவராக இருந்திருந்தால் அவர் தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளச் சுலபமாக இருந்திருக்கும்.

எங்கள் சங்கத்தில் ஓட்டுச் சீட்டு கிடையாது, காகிதம் வீணாகுமாம். ஆளுக்கு ஒரு புங்க விதை. வேட்பாளருக்கு ஒரு மண்சட்டி, குறுகிய வாய். எந்தச் சட்டியில் விதையைப் போடுகிறோமோ அவருக்கு ஓட்டு. தேர்தல் முடிந்ததும் அந்த விதைகளையே முளைக்கப் போட்டுவிடுவோம். எனக்கு வயது பதினேழு, ஓட்டு இல்லை. விதையும் சட்டியும் தயார் செய்வது என் பொறுப்பு. இந்த வருடத்து விதைகளைத் தண்ணீரில் போட்டு, மூழ்கியதை மட்டும் எடுத்துக் காயவைத்தேன். மிதப்பது சொத்தை, முளைக்காது.

ஜூலை 13, ஞாயிறு

அக்கா ஜெயித்துவிட்டார்!!

செயலாளர் தணிகாசலம் சார் எல்லோர் முன்னாலும் சட்டிகளைத் தாம்பாளத்தில் கவிழ்த்து எண்ணினார். ஸ்ரீனிவாசராகவன் சாருக்கு முப்பது. அக்காவுக்கு முப்பத்திரண்டு. நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று குதித்தேன், யாரும் பார்க்கவில்லை.

பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவர்கள் ஐம்பத்தேழு பேர்தான், விதையோ அறுபத்திரண்டு. "வடை திங்கிற அவசரத்துல அஞ்சு பேர் கையெழுத்து போடல போலிருக்கு," என்றார் தணிகாசலம் சார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

ஜூலை 14, திங்கள்

ஓட்டு விதைகளை ஊறவைத்தேன். சாருடைய முப்பதும் மூழ்கின. அக்காவுடையதில் ஐந்து மிதந்தன.

எப்படி மிதக்கும்? ஒவ்வொன்றையும் நான்தானே சோதித்தேன்?

அப்புறம் ஞாபகம் வந்தது. போன வருடத்துச் சொத்தை விதைகளை எறிய மனமில்லாமல் ஒரு சட்டியில் போட்டு அலமாரித் தட்டில் வைத்திருந்தேன். அந்தச் சட்டியைத்தான் இந்த முறை எடுத்திருக்கிறேன். வெளியே ஈரத்துணியால் பளபளவென்று துடைத்தேன். கவிழ்த்துப் பார்க்கவில்லை. ஒரே ஒரு தடவை கவிழ்த்திருந்தால் —

முப்பத்திரண்டில் ஐந்து போனால் இருபத்தேழு. அக்கா தோற்றுவிட்டார். எனக்கு மட்டும் தெரியும்.

தெரிந்தால் இன்னா? ஐந்து விதைதானே? வாயைத் திறக்காமல் இருப்பதுதான் எனக்கு நன்றாக வருமே. கழிப்பறையும் வந்துவிடும்.

ஜூலை 15, செவ்வாய்

அக்கா கேக் வாங்கிவந்து வெட்டினார். கிரீம் பூ இருந்த துண்டு எனக்கு. ரூபீனாவுக்கென்று தாளில் பொதிந்து வைத்தேன்.

ஜூலை 16, புதன்

சொல்லிவிட்டேன். சொன்னேன் என்றுகூட எழுத முடியாது. பிளாஸ்டிக் மக்கில் தண்ணீர் ஊற்றி, அந்த ஐந்தையும் போட்டு, அக்கா முன்னால் கொண்டுபோய் நீட்டினேன்.

"இன்னாடி இது?"

"உங்க சட்டியில இருந்துச்சுக்கா. போன வருசத்துது. நான் பாக்காம வெச்சுட்டேன்."

அக்கா மக்கையே பார்த்தார். விரலால் ஒரு விதையை அமுக்கினார். அது மேலே வந்தது. மறுபடி அமுக்கினார். மறுபடி வந்தது.

"கையெழுத்து போடாத அஞ்சு பேரு இவங்கதானா?"

தலையாட்டினேன். அழுகை வந்துவிட்டது.

"அழுவாத. கேக் வாங்கினவ நானு, நான்தான் அழுவணும்." எருவைக் கிளறினார். பிறகு மண்வெட்டியைக் கீழே போட்டார். "ஏண்டி, ஒரு மூணு வருசம் கழிச்சு ஊற வெச்சிருக்கக் கூடாதா நீ?"

அழுதுகொண்டே சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். ஆனால் மறுபடி எடுத்த மண்வெட்டியைச் சாயங்காலம் வரை கீழே வைக்கவில்லை.

ஜூலை 17, வியாழன்

தணிகாசலம் சார் பண்ணைக்கு வந்தார். அக்கா என் முதுகில் கைவைத்து முன்னால் தள்ளிவிட்டார். மக்கை நீட்டினேன். சார் இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு, "விடும்மா, இதையெல்லாம் யார் பாக்கப் போறாங்க? மினிட்ஸ்லயும் எழுதியாச்சு," என்றார்.

எனக்கு உள்ளே ஜில்லென்று இருந்தது. அவரே விடச் சொல்லிவிட்டார்!

அக்கா விடவில்லை. "இன்னா சார், சொத்தை வெதை போட்ட ஓட்டுல என்னை உக்கார சொல்றியா? நாளைக்கு எவனாச்சும் கேட்டா மூஞ்சை எங்க வெச்சுக்குவேன்?"

சார் பெருமூச்சு விட்டு, உறுப்பினர் எல்லோருக்கும் வாட்ஸப்பில் போட்டார். 30 – 27. ஸ்ரீனிவாசராகவன் சார் தேர்வு.

என் ஒரு மக்குத் தண்ணீரில் அக்காவின் பதவியும் போயிற்று, கழிப்பறையும் போயிற்று. ரூபீனா இந்த முறை சிரிக்காமல், தன் பங்கு ஆம்லெட்டை என் தட்டில் வைத்தாள்.

ஜூலை 24, வியாழன்

இன்று நடந்ததை விடாமல் எழுத வேண்டும்.

குழு உறுப்பினரான பிறகு ஸ்ரீனிவாசராகவன் சார் முதன்முதலாக ஒரு முழுக் காலைப்பொழுது பண்ணையில் இருக்க வந்தார். "அஞ்சு நிமிஷம் பாத்துட்டுப் போறதெல்லாம் சரிவராது. எல்லாத்தையும் தெரிஞ்சுக்கணும்," என்றார். ஒன்பது மணிக்கு வந்தார். பிளாஸ்க்கில் காபி. பத்து மணிக்கு ஓர் இளநீர். பத்தரைக்கு இன்னொரு காபி. பதினொன்றுக்கு, மண்புழு உரத்தைப் பற்றி அக்கா சொல்லிக்கொண்டிருந்தபோதே, கால் மாற்றிக் கால் மாற்றி நிற்க ஆரம்பித்தார்.

என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டார்: "சிம்ரா, இங்க... பாத்ரூம் எங்கே இருக்கு?"

நான் கேட்டைக் காட்டினேன்.

"வெளியிலயா?"

"மெயின் ரோடு சார். ரைட் சைடுல."

"வேகமா போனா ஏழு நிமிசம் சார்," என்றார் அக்கா, மண்புழுக்களை விட்டுத் தலையைத் தூக்காமல். "சில்லறை வெச்சிருக்கியா? ஜிபே எல்லாம் கிடையாது அங்க."

சாரிடம் சில்லறை இல்லை. அக்காதான் பத்து ரூபாய் கொடுத்தார். சார் வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு ஓடியதை நான் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று திரும்பிக்கொண்டேன். ஆனால் செருப்புச் சத்தம் தெருமுனை வரை கேட்டது.

திரும்பி வந்து தொட்டி விளிம்பில் உட்கார்ந்தார். முகமெல்லாம் வியர்வை. மேல்துண்டால் துடைத்துக்கொண்டார்.

"நீங்கள்லாம் தினமுமா இப்படி?"

"பன்னெண்டு வருசமா."

"குழுவில சொல்லப்படாதோ?"

"மூணு மனு குடுத்தோம் சார். அதுவும் ஆவலன்னுதான் நான் எலெக்‌ஷன்ல நின்னேன்."

சார் என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "இத்தனை வருஷமா வந்துண்டிருக்கேன். எனக்குக் கேக்கணும்னே தோணலை," என்றார். கிளம்பும்போது, "அந்த மூணு மனுவோட நகல் இருக்கா?" என்று கேட்டார். அக்கா உர மூட்டைக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

குழுக் கூட்டம். அக்காவையும் கூப்பிட்டிருந்தார்கள். ஸ்ரீனிவாசராகவன் சார் பேசிய பேச்சில் பதினைந்து நிமிடத்தில் கழிப்பறை முடிவாகிவிட்டதாம். "மனுஷன் அனுபவஸ்தன் மாதிரி பேசினாருடி!" என்று அக்கா போனில் சிரித்த சிரிப்பில் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

ஆகஸ்ட் 4, திங்கள்

கொத்தனார் வந்துவிட்டார். எங்கே கட்டுவது என்று ஒரு மணி நேரமாகச் சண்டை. குழாய் பக்கத்தில் இருப்பதால் கேட்டருகே கட்டலாம் என்கிறார் ஸ்ரீனிவாசராகவன் சார். "போறவன் வர்றவன் எல்லாம் வேடிக்கை பாக்கவா?" என்கிறார் அக்கா. கொத்தனார் இருவரையும் பார்த்துத் தலையைச் சொறிகிறார். பின்சுவர் மூலைதான் சரி என்று எனக்குத் தெரியும். மறைவாகவும் இருக்கும், தண்ணீர் சரிவும் அந்தப் பக்கம்தான். மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் அந்த மூலைக்குப் போய், அங்கே அடுக்கியிருந்த நாவல் கன்றுப் பைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வேலியோரம் வைக்க ஆரம்பித்தேன்.