அண்ணன் வீட்டு விருந்தன்று நாம் பார்த்த படங்கள்

இன்று காலை, நான் வீட்டுவேலை செய்யும் சிஞ்ஞோரா அம்மாவின் வீட்டில் அலமாரிக்குப் பூசும் மெழுகு டப்பாவைத் திறந்ததும், எடின்பரோவில் நாம் பார்த்த அந்த ஓவியக் கூடம் மூக்கில் ஏறிவிட்டது. அங்கும் இதே வாசம்தான். அதன் பிறகு ஒரு வேலையும் ஓடவில்லையடி, சிநேகிதி. துணியும் கையுமாக அறைக்கு அறை நடக்கிறேன். நாளை உன் அண்ணன் ஸ்கொட்லாந்திலிருந்து இங்கே இத்தாலிக்கு, நம் பலேர்மோவுக்கு வருகிறார், உன் ஆண்டுத் திதிக்கு. "தங்கச்சி, ஒண்டு கேக்கோணும், நேரிலை கேக்கிறன்" என்று நேற்றுத் தொலைபேசியில் சொன்னார். என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியாதா?

அவருடைய மகளின் கலியாணத்துக்குத்தானே நாம் இருவரும் ஸ்கொட்லாந்து போனோம். மண்டபத்து நெரிசலில் அவரோடு நீ இரண்டு வார்த்தைகூடக் கதைக்கவில்லை. மறுநாள் மத்தியானம் அவர் வீட்டில் விருந்து, இரவு நமக்கு விமானம். கூடப்பிறந்தவன் வீட்டில் கை நனைக்காமல் திரும்புவது எங்கள் ஆட்களிடம் சின்ன விஷயமா? நீயோ ஹோட்டல் வாசலில் நின்று, "நான் அங்கை வரேல்லை, ஊர் பாக்கப் போறன்" என்றாய்.

உன்னைத் தனியே விடவும் முடியாது. திரும்பி வந்ததும் உன் தலைக்குள் இருந்த கட்டிக்கு ஒப்பரேஷன் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். "அண்ணைக்கு மூச்சு விடாதை" என்று சத்தியம் வாங்கியிருந்தாய்.

அன்றைக்கு நடந்த நடை! பாறை உச்சியில் கோட்டை, அதிலிருந்து இறங்கும் நீளத் தெரு, இரண்டு பேர் விலக முடியாத படிக்கட்டுச் சந்துகள். பழைய புகை படிந்து அடுப்படிச் சுவர் போலக் கறுத்திருந்த ஒரு கோபுரத்தை அண்ணாந்து பார்த்து, "இதை ஒருத்தரும் துடைக்கிறேல்லையோ?" என்று கேட்டாய். "ஓம், நீ வருவாய் எண்டுதான் விட்டு வைச்சிருக்கினம்" என்றேன். நடுத்தெருவில் நின்று சிரித்தாய். நம் குடியிருப்பான போர்கோ வெக்கியோவிலிருந்து வேலைக்கு ஓடுகிற நாம், பலேர்மோவின் பேராலயத்தை ஒருநாளாவது இப்படி நின்று பார்த்திருக்கிறோமா? சிஞ்ஞோராக்களின் வீட்டுப் படங்களைத் தூசி தட்டியிருக்கிறோம், பார்த்ததில்லை.

என் தொலைபேசி ஓயவில்லை. "நண்டுக்கறி ஆறுது, எங்கை நிக்கிறியள்?" என்று உன் அண்ணன். "போவமடி" என்று நான். "இன்னும் ஒண்டு பாப்பம்" என்று நீ.

அந்த ஓவியக் கூடத்தில், குழந்தையை மடியில் வைத்திருந்த மாதாவின் படத்துக்கு முன்னால் நின்றுவிட்டாய். இங்கே புனித ரொசாலியாவின் மலைக்கோயிலில் செய்வதுபோலவே சட்டத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினாய். எங்கேயோ மணி அலறியது. காவலாளி ஓடிவந்தார். வெள்ளைக்காரரைக் கண்டால் நம் வாயில் வருவது இத்தாலியன்தானே? "ஸ்கூசி, ஸ்கூசி, கும்பிட்டனான்" என்று அந்த ஸ்கொட்லாந்துக்காரரிடம் இத்தாலியனிலும் தமிழிலும் மன்னிப்புக் கேட்டாய். பாவம் மனிதர், ஒன்றும் விளங்காமல் உன் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். அப்போதுதான் நீ அழுதுகொண்டிருப்பதைக் கண்டேன்.

"அண்ணை வீட்டை போனால் அவரின்ரை முகத்தைப் பாத்து உடைஞ்சு போவனடி. கலியாண வீட்டிலை நான் அழக்கூடாது, பிள்ளைக்கு ஆகாது. இஞ்சை படத்தைப் பாத்து அழுதால் ஏனெண்டு ஒருத்தரும் கேக்க மாட்டினம்."

ஒப்பரேஷனுக்குப் போன நீ பிறகு கண் திறக்கவே இல்லை. செத்தவீட்டுக்கு வந்த அண்ணன் உன் தலைமாட்டில் நின்று, "என்ரை வீட்டிலை ஒரு வாய் சாப்பிடாமல் போட்டாளே, நான் என்ன குறை விட்டனான்?" என்று கேட்டார். கட்டி இருந்தது கலியாணத்துக்குப் பிறகுதான் தெரிய வந்தது என்று அவர் இன்றுவரை நினைத்திருக்கிறார். நான் வாயைத் திறக்கவில்லை. அதே கேள்வியோடுதான் நாளை வருகிறார்.

உன்மேல் எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. நீ போய்விட்டாய், சத்தியத்தை என் தலையில் கட்டிவிட்டு. உன்னைப் பிடித்து இரண்டு கேள்வி கேட்கவும் வழியில்லை.

நாளை அவரைக் கண்டதும் சொல்லிவிடப் போகிறேன். அவரிலே கோபித்துக்கொண்டு அல்ல, அவரை நினைத்துத்தான் நீ வராமல் நின்றாய் என்று. நீ என்னை ஏசுவாய், ஏசு. அதைக் கேட்டால் அவருடைய நெஞ்சு ஆறும். எனக்குத்தான், நீயும் நானும் மட்டும் அறிந்தது என்று இனி ஒன்றும் இராது.