ஒரு வால் நீண்ட கரிச்சான்

ஜூலை 3, வியாழன்
காலையிலிருந்து தூறல். குடை ஆபீசில். பொம்மனஹள்ளியில் பஸ் ஏறினால், எதிரே கம்பியைப் பிடித்திருந்த பெண்ணின் முன்கையில் என் குருவி. பச்சை குத்தியது. கரிச்சான், இரட்டை வாலில் ஒன்று மட்டும் அசிங்கமாக நீளம். அது என் கைப்பிழை. உலகத்தில் ஒரே ஒரு கையில்தான் இருக்க வேண்டும்: சரவணன் கையில். (இனி ச. முழுப் பெயர் எழுதினால் பேனா நின்றுவிடுகிறது.)

எங்கே குத்தியது என்று கேட்டேன்.

"பிரேசர் டவுன்ல அக்கா. அந்தக் கடைல இதான் ஃபேமஸ்."

வாங்க வேண்டியவை: கொத்தமல்லி, பல்பு, இன்னொரு குடை.

ஜூலை 5, சனி
பிரேசர் டவுன். கடை போர்டிலேயே குருவி, ஆள் உயரத்துக்கு. உரிமையாளர் ரோஷன். மரியாதையான மனிதர், உடம்பில் காலி இடம் இல்லை.

"நம்ம ஒரிஜினல் டிசைன் மேடம். வேற எங்கயும் கிடைக்காது."

"ஒரு வால் ஏன் நீளம்?"

"அது ஃப்ரீடம்."

அது பிரேக். ச. சிங்கம் குத்திக்கொள்ளக் கிளம்பிய அன்று, உனக்கெதற்குச் சிங்கம் என்று பஸ்ஸிலேயே அவன் கையில் பால்பாயின்ட் பேனாவால் கரிச்சான் வரைந்தேன். டிரைவர் பிரேக் போட்டார். பேனா மணிக்கட்டு வரை போய்விட்டது. நான் ஆபீசுக்கு இறங்கிவிட்டேன். அவன் கையைக் கழுவாமல் நேரே இந்தக் கடைக்கு வந்து, கோட்டின் மேலேயே குத்திக்கொண்டான். வாலைத் திருத்தட்டுமா என்று கேட்டார்களாம். இருக்கட்டும் என்றானாம்.

ரோஷனிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"யார் வேணா சொல்லலாம் மேடம். போன வாரம் ஒருத்தர் தன் கனவுல வந்துதுன்னாரு. பேனாக் கோடு கழுவினா போயிடும். நான் குத்தினதுதானே நிக்குது? ஒரிஜினல் இருந்தா கொண்டு வாங்க."

ஜூலை 7, திங்கள்
ஆபீஸ். என் வேலை, செயலிகளின் அடியில் யாரும் படிக்காத பொடி எழுத்து எழுதுவது. மக்கள் தங்கள் உரிமையையெல்லாம் ஒரு விரலால் எங்களுக்குத் தந்துவிடுவார்கள். ச. விஷயத்தில் ஒன்றும் எழுதி வாங்கவில்லை.

பக்கத்து சீட் மஞ்சுளா, வக்கீல், கன்னடக்காரி: "காபிரைட் உனக்குத்தான் கணே. ஆனா கை அவனோடது. கூப்பிட்டுக் காட்டச் சொல்லு."

பிரிந்தபோது சண்டைகூட இல்லை. வீட்டில் பெண் பார்த்தார்கள். அவன் பார்க்க விட்டான். கல்யாணமாகி ஹெப்பகோடியில். என் பஸ் போகும் அதே ரோடு. வேறு நாடு என்றால் சௌகரியமாக இருந்திருக்கும்.

எனக்கு வேண்டியது: போர்டில் என் பெயர். அல்லது போர்டை இறக்குவது. அல்லது ச.வைக் கூப்பிட ஒரு காரணம். மூன்றாவது கிடைத்துவிட்டது.

ஜூலை 9, புதன்
கூப்பிட்டேன். பின்னால் மெஷின் சத்தம்.

"செல்வியா?"

குருவி வேண்டும், கடையில் காட்ட வேண்டும் என்றேன்.

"சனிக்கிழமை வரேன். சாப்டியா?"

காலை பதினொரு மணி. எந்தச் சாப்பாட்டைக் கேட்டான் தெரியவில்லை. ஆச்சு என்றேன்.

ஜூலை 11, வெள்ளி
சாட்சியைப் பார்க்கப் போகும்போது என்ன உடுத்துவது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. நீலச் சுடிதார். வேண்டாம், அது அவனுக்குத் தெரியும். பச்சை. நீலமே.

பல்பு வாங்க மறந்தாச்சு.

ஜூலை 12, சனி
மேகமூட்டம். எனக்கு முன்பே வந்து கடை வாசலில் நின்றிருந்தான். முழுக்கை சட்டை. கொஞ்சம் சதை போட்டிருக்கிறான்; நன்றாக இருக்கிறது, எழுதக் கூடாது.

உள்ளே போய்ச் சட்டைக் கையைச் சுருட்டினான். குருவி இல்லை. பெரிய கறுப்புத் தாமரை.

"யாரு வரைஞ்சதுன்னு வீட்ல கேட்டாங்க. பொய் சொல்ல வரல. அப்ப மறைச்சிடுங்கன்னாங்க."

நியாயம். கையின் தற்போதைய உரிமையாளர்.

"போன்லயே சொல்லிருக்கலாமே?"

"சொன்னா நீ வந்திருக்க மாட்டியே."

ரோஷன் கையை வாங்கி டாக்டர் மாதிரி திருப்பினார். தாமரைக்குக் கீழே, மணிக்கட்டை நோக்கி, ஒரு கோடு. வால்.

"இத ஏன் விட்டாங்க?" என்றார்.

"இதையும் மறைக்கணும்னா கை பூரா தாமரை போடணும்னாங்க. இருக்கட்டும்னுட்டேன்."

ரோஷன் போர்டைப் பார்த்தார், கையைப் பார்த்தார். கோட்டின் நடுக்கம்கூட அதேதான்.

"உங்களோடதுதான் மேடம். தப்பு. கீழ பேர் போட்டுடறேன். என்ன பேர்?"

வரைந்தது நான். வாலை நீட்டியது டிரைவர். இரண்டு முறையும் இருக்கட்டும் என்றது ச.

"பேர் வேணாம். வாலைத் திருத்தாதீங்க, போதும்."

ச. சட்டைக் கையை இறக்கினான். முதலில் தாமரை மறைந்தது. வால் கடைசியில்.