அப்பா காலுதான் வேணும்

சுடர்விழி அப்பாவுக்கு,

போனை எடுக்க மாட்டீர்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். தவளக்குப்பத்தில் உங்கள் அண்ணன் வீட்டில் ஒளிந்திருந்தது போதும்.

மாசி மகத்தன்று சாமி பார்க்க சுடர்விழியை ஒரு கையால் படகில் தூக்கி ஏற்றினீர்கள். தோளுக்குக் கீழே அவள் கை எலும்பு முறிந்தது. அந்த எலும்புக்குள் முன்பே நீர்க்கட்டி வந்து, முட்டை ஓடு மாதிரி மெலிந்து கிடந்ததாம். "பந்து எறிஞ்சிருந்தாலும் உடைஞ்சிருக்கும்மா" என்றார் டாக்டர். அன்றே சொன்னேன், உங்களால்தான் உடைந்தது என்று நினைத்த நீங்கள் காதில் வாங்கவில்லை.

முறிவு கூடிவிட்டது. ஆனால் ஊசி போட்டும் உள்ளே இருக்கிற குழி மூடவில்லை. இனி ஆபரேஷன் செய்து, கட்டியைச் சுரண்டி எடுத்துவிட்டு எலும்பு வைத்து நிரப்ப வேண்டும். அவள் இடுப்பிலிருந்து எடுத்தால் போதாதாம். அம்மாவோ அப்பாவோ கெண்டைக்காலில் இருக்கும் சன்ன எலும்பிலிருந்து ஒரு துண்டு தரலாமாம். நீங்கள் தந்தால் கொஞ்ச நாள் கடலுக்குப் போக முடியாது, அவ்வளவுதான்.

"நான் தர்றேன்" என்றேன். உங்கள் மகள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீ மாடிப்படி ஏறவே மூச்சு வாங்குற. எனக்கு அப்பா காலுதான் வேணும். படகு எப்படி ஆடுனாலும் அசையாம நிக்கும்."

டாக்டர் சிரித்துவிட்டார். நான் சரி என்று சொல்லிவிட்டேன்.

திங்கட்கிழமை காலை உங்களுக்கு ரத்தப் பரிசோதனை. வெறும் வயிற்றோடு வாருங்கள். ஆஸ்பத்திரிக்கு எதிர்ப்பக்கம் பஸ் ஸ்டாப்பில் அவள் நிற்பாள். ரோட்டைக் கடக்கும்போது முறிந்து கூடிய அந்தக் கையையே பிடித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
அவள் வேண்டாம் என்ற காலுக்குச் சொந்தக்காரி